கலை ஸ்டாம்ப் சேர்க்கிறீர்களா? முதலில் கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள்

1971-ல் ராஜா ரவிவர்மாவின் தமயந்தியும் அன்னமும், 1974-ல் முகமூடிகள், 1975-ல் பரதநாட்டியம் தொடங்கி மணிப்பூரி வரை ஆறு நடனங்கள், 2000-ல் மதுபனி ஓவியங்கள் என்று நம் அஞ்சல் துறை வட்டாரக் கலைகளை விடாமல் ஸ்டாம்பில் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. சேர்க்க ஆரம்பிப்பது சுலபம். ஆசையாகச் சேர்த்ததை நம் கையாலேயே கெடுப்பது அதைவிடச் சுலபம்.

அதில் முதல் குற்றவாளி கத்தரிக்கோல். உறையில் அழகான ஸ்டாம்ப் இருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் போடும் பழக்கம் பள்ளி நாளிலேயே பலருக்கு வந்துவிடுகிறது. சாதாரணத் தபாலுக்குச் சரி. ஒரு நிகழ்ச்சியையோ பொருளையோ கௌரவிக்கப் படமும் தனி முத்திரையும் போட்டு வரும் சிறப்பு உறையில் இதைச் செய்தால் எல்லாம் போச்சு. புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்கள் பலவற்றுக்கும் அஞ்சல் துறை சிறப்பு உறைகள் வெளியிடுகிறது. அந்தக் கலைப்படம் இருப்பது உறையின் இடது பக்கத்திலும், அன்றைக்கென்று செய்த முத்திரையிலும்தான். ஒட்டியிருக்கும் ஸ்டாம்ப் பெரும்பாலும் அந்தக் கலைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றாக இருக்கும். அதை வெட்டி எடுத்தால் ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒன்று கையில் மிஞ்சும், அவ்வளவுதான். புது ஸ்டாம்பை வெளியீட்டு நாளிலேயே ஒட்டி முத்திரை குத்தித் தரும் முதல் நாள் உறைக்கும் இதே கதை. கூடவே தரும் தகவல் மடிப்பிதழையும் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை அச்சடித்தார்கள், எந்த முறையில், எந்த அச்சகத்தில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், பின்னால் யாராவது ‘இது ரொம்ப அரிது சார்’ என்று விலை சொல்லும்போது உதவும்.

மினியேச்சர் ஷீட்டையும் (ஓரப்படத்தோடு ஒன்றோ சிலவோ ஸ்டாம்ப் மட்டும் அச்சான சிறு தாள்), ஒன்றோடொன்று ஒட்டியே அச்சான ஜோடிகளையும் கிழித்துத் தனித்தனியாக்காதீர்கள். ஆல்பத்தில் வரிசை நேராக வர வேண்டும் என்பதற்காகக் கிழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

பழைய படப் போஸ்ட் கார்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். மதராஸ் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனங்கள் நூறு வருஷத்துக்கு முன் அச்சிட்ட கோயில், தேர், தெருக்காட்சி அட்டைகள் இன்றும் பழைய பொருள் விற்கும் இடங்களில் கண்ணில் படும். படத்தின் மேலேயே யாரோ மையில் கிறுக்கியிருக்கிறார்களே என்று ஒதுக்கிவிடுவார்கள் சிலர். ஆரம்பகால அட்டைகளின் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். செய்தியைப் படப்பக்கத்தில்தான் எழுதியாக வேண்டும். பின்பக்கத்தைச் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் பிரிட்டனில் வந்ததே 1902-ல். ஆக அந்தக் கிறுக்கல் அட்டையின் வயதைச் சொல்லும் சாட்சி. ஸ்டாம்பில் இருக்கும் பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்டா ஐந்தாம் ஜார்ஜா என்று பார்த்தால் காலம் இன்னும் நெருங்கிவரும், முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் வேலையே முடிந்தது. இவ்வளவு சொல்லும் அட்டையிலிருந்து ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பவர்களை என்ன சொல்வது?

ஊறவைப்பது என்றதும் இன்னொன்று. சாதாரண வெள்ளை உறைத்துண்டு என்றால் தண்ணீரில் போடலாம். சிவப்பு, ஊதா உறைகளைக் கூடவே போட்டால் சாயம் இறங்கி எல்லா ஸ்டாம்பும் ரோஸ் ஆகிவிடும். 2006-ல் வந்த சந்தன வாசனை ஸ்டாம்ப், 2011-ல் கதர்த் துணியில் அச்சான காந்தி ஸ்டாம்ப், இவற்றைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வாசனை வருகிறதா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தேய்த்துக் காட்டவும் வேண்டாம்.

அப்புறம் நம் ஊர்ப் புழுக்கம். பயன்படுத்தாத ஸ்டாம்பின் பின்னால் இருக்கும் பசை ஈரக்காற்றுக்கு இளகி ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் ஸ்டாம்பின் முதுகு போய்விடும். ஆல்பத்தைப் படுக்கவைத்து அதன்மேல் புத்தக மூட்டையை ஏற்றாதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். அவ்வப்போது திறந்து காற்றுப்பட விடுங்கள், ராமபாணப் பூச்சி இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். செலோடேப், ஒட்டும் தாள் உள்ள போட்டோ ஆல்பம், விலை மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறை மூன்றும் ஆகாது. லேமினேஷன் செய்துவிட்டால் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. கையால் தொடாமல் முனை தட்டையான ட்வீசரால் எடுங்கள். புருவம் திருத்தும் ட்வீசர் ஸ்டாம்பின் ஓரத்துப் பற்களைக் கடித்துவிடும்.

வாங்கும்போது ஏமாறுவது தனி அத்தியாயம். 1949-ல் வந்த ஓரணா போதிசத்துவர் ஸ்டாம்பில் சிலை இடம் வலமாக மாறி அச்சாகி, 1950-ல் திருத்தினார்கள். இது உண்மை. ஆனால் அது அன்றாடத் தபாலுக்கு வந்த ஸ்டாம்ப், முத்திரை விழுந்தது கிடைக்காத சரக்கல்ல. ‘பிழை ஸ்டாம்ப்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். பணம் கட்டினால் நம் படத்தைச் சேர்த்து அச்சடித்துத் தரும் ‘மை ஸ்டாம்ப்’ தாள்களையும் சிலர் கலை ஸ்டாம்ப் என்றே விற்கிறார்கள். புதிய வெளியீடுகள் தவறாமல் வேண்டுமென்றால் தலைமை அஞ்சலகத்தில் ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கான டெபாசிட் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள், முகமதிப்புக்கே வந்துசேரும். பத்து வருஷத்தில் பத்து மடங்காகும் என்ற கணக்கெல்லாம் இதில் போடாதீர்கள்.

கொஞ்சம் தேறிய பிறகு எல்லோரும் கை வைப்பது மாக்சிம் கார்டில். படப் போஸ்ட் கார்டு, அதே பொருளுள்ள ஸ்டாம்ப், அதற்குச் சம்பந்தமுள்ள ஊரின் முத்திரை, மூன்றும் பொருந்த வேண்டும். 2010-ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஸ்டாம்ப் என்றால் கோயில் படம் போட்ட அட்டை, தஞ்சாவூர் முத்திரை. முகவரிப் பக்கத்தில் ஸ்டாம்பை ஒட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு, ஒட்ட வேண்டியது படப்பக்கத்தில். ஸ்டாம்பையே பெரிதாக்கி அச்சடித்த அட்டையைப் போட்டிக் கண்காட்சியில் ஏற்கமாட்டார்கள். பளபளப்பான அட்டையில் முத்திரை மை காயாது, உடனே பையில் போட்டால் கோபுரம் முழுக்க இழுகிவிடும். கவுன்டர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் காயவிட்டு எடுத்துவாருங்கள்.