நாப்பது வயசுல ஃபிளமெங்கோ கிட்டாரா? மொதல்ல தாளத்தை புடிங்க

சேலத்துல வேலை, கடைன்னு எல்லாம் முடிச்சிட்டு ராத்திரி ஃபிளமெங்கோ (ஸ்பெயின் நாட்டு இசை) வாசிக்க கிட்டாரை எடுக்குற ஆளுங்களுக்குத்தான் இது. யூடியூப்ல பாகோ டி லூசியாங்குற ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞரோட வேகத்தை பாத்துட்டு "நமக்கெல்லாம் எங்க வரப்போகுது"ன்னு மூடி வச்சிடுறோம், ஆனா அவரு 1947ல ஸ்பெயின்ல பொறந்து சின்னப் புள்ளையிலயே அப்பாகிட்ட கத்துக்கிட்டவரு, அவரோட நம்மள ஒப்பிடுறதே வெட்டி வேலைங்க.

ஆசைய ஸ்பீடுல வைக்காம காம்பாஸ்ல வைங்க, அதாவது ஃபிளமெங்கோவோட தாளக்கட்டு. சொலேயான்னு ஒரு வகை, 12 எண்ணிக்கை, அதுல 3, 6, 8, 10, 12ல அழுத்தம் விழும். கிட்டாரே வேணாம், ஏற்காடு பஸ்ல சீட் கெடச்சா தொடையில ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தட்டிட்டே போங்க, அந்த அஞ்சு எடத்துல மட்டும் பலமா. (பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல.) 6க்கு அப்புறம் மூணு மூணா வந்தது ரெண்டு ரெண்டா மாறும்ல, அங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க, அந்த எடத்த மட்டும் தனியா எடுத்து மெதுவா தட்டிப் பழகுங்க.

அது கைக்கு வந்தப்புறம் எடது கையால கம்பிய லேசா அமுக்கி சத்தத்தை அடைச்சிட்டு வலது கையில மட்டும் மெட்ரோனோமோட (சீரா டிக் டிக்னு தாளம் காட்டுற கருவி) அடிங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. ஆனா ஒடனே கேக்காதீங்க, வாசிச்ச சூட்டுல எல்லாமே கேவலமாத்தான் கேக்கும், ஒரு வாரம் கழிச்சு கேளுங்க, 10ம் 12ம் சரியா விழுதான்னு மட்டும் பாருங்க.

இன்னொண்ணு, மலைக்கு கிட்டாரை எடுத்துட்டுப் போனா குளிர்லயும் ஈரத்துலயும் சுருதி மாறும், உங்க விரலை திட்டுறதுக்கு முன்னாடி டியூன் பாத்துடுங்க.