குளிர்ப் பிரதேசத்துக்கு ஸ்லீப்பிங் பேக்: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனால், காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். நம் ஊர்க் குளிர் அவ்வளவுதான். ஜனவரியில்கூட சென்னையின் இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்குப் பழகிய உடம்போடு வடசென்னைப் பிள்ளைகள் இப்போது உத்தராகண்டின் பனிமலையான கேதார்காந்தாவுக்குக் கிளம்புகிறார்கள். வார இறுதியில் ஊட்டி, கொளுக்குமலைப் பக்கம் போய்க் கூடாரத்தில் தங்குகிறார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்து பெண்பிள்ளைகள் குழுவாகக் கிளம்புவதைப் பார்க்க மனசு நிறைகிறது. அவர்கள் ராத்திரி முழுக்க நடுங்கிவிட்டு, விடிந்ததும் ஏறத் தெம்பில்லாமல் திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து ஜிப்பைப் போட்டுத் தூங்கும் பை, வாங்குவதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இமாச்சலத்து மணாலியில் இருப்பவர் வாங்கிய அன்றைக்கே மொட்டை மாடியில் படுத்துப் பார்த்துவிடலாம். ராயபுரத்தில் ஏசியை 16-ல் வைத்தாலும் அது ஊட்டியின் சாதாரண சாயங்காலம்தான். பை குளிரைத் தாங்குமா என்பதை இங்கே சோதிக்க வழியில்லை. அதனால் சோதிக்க முடிந்த மற்றதை எல்லாம், அதாவது லேபிள், எடை, அளவு, ஜிப் ஆகியவற்றை, கடையிலேயே கறாராகப் பார்த்துவிட வேண்டும். பலரும் அதைச் செய்யாமல் வந்துவிடுகிறார்கள்.

பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்புவது

"மைனஸ் பத்து தாங்கும்மா, தைரியமா எடுத்துட்டுப் போ" என்பார் கடைக்காரர். பையின் மேலும் −10 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உடனே பணத்தை எடுக்காமல், "அண்ணா, இது கம்ஃபர்ட்டா, லிமிட்டா, எக்ஸ்ட்ரீமா?" என்று கேளுங்கள். பை எதற்கு லாயக்கு என்பது இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக்குகளின் வெப்ப அளவைச் சோதிக்க ஐரோப்பாவில் 2002-ல் ஈஎன் 13537 என்ற தரநிலை வந்தது. பிறகு 2016-ல் ஐஎஸ்ஓ 23537 அதன் இடத்தைப் பிடித்தது. சூடேற்றிய ஆளுயரப் பொம்மைக்கு தெர்மல் உள்ளாடையும் சாக்ஸும் மாட்டி, மெத்தை விரித்து, பைக்குள் படுக்கவைத்து, குளிர் அறையில் அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வருகின்றன. கம்ஃபர்ட் என்பது, சராசரி உடல்வாகுள்ள ஒரு பெண் கைகால் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. லிமிட் என்பது, சராசரி ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிச் சுருண்டு படுத்து இரவைச் சமாளிக்கும் வெப்பநிலை. எக்ஸ்ட்ரீம் என்பது தூக்கத்துக்கான எண்ணே இல்லை. அந்த வெப்பநிலையில் ஆறு மணி நேரம்போல உயிர் தப்பலாம், ஆனால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம், பனிக்கடியும் (கைகால் விரல்கள் உறைந்து கெடுவது) வரலாம் என்பதற்கான எச்சரிக்கை அது.

ஒரே பையில் கம்ஃபர்ட் 0, லிமிட் −5, எக்ஸ்ட்ரீம் −20-க்கும் கீழே என்று மூன்றும் இருக்கலாம். விற்கிறவர் எதைப் பெரிதாகப் போட்டிருக்கிறாரோ அதுதான் நம் கண்ணில் படும். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும்தான். அதற்கும் மேலே ஐந்து டிகிரியாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். இரவு −5 வரும் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் கம்ஃபர்ட் −10 உள்ள பையைத் தேடுங்கள். பனிமலை அனுபவம் உள்ளவர்கள் இதை அதிகம் என்று சொல்லலாம். கடலோரத்தில் வளர்ந்து முதல் தடவை பனியில் படுக்கப்போகிறவருக்கு அது அதிகமில்லை. கூடுதலாக வெக்கையாக இருந்தால் ஜிப்பைத் திறந்துகொள்ளலாம். வெப்பம் குறைந்தால் அந்த ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணன் போன வருஷம் கொண்டுபோன பையைத் தங்கைக்குக் கொடுத்து அனுப்புவது நம் வீடுகளில் சகஜம். அண்ணன் லிமிட் எண்ணில் தூங்கியிருப்பார். அதே குளிரில் தங்கைக்குத் தூக்கம் வராமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. பொதுவாகப் பெண்களுக்குக் கைகால் சீக்கிரம் சில்லிட்டுவிடும் என்பதால்தான் இரண்டு எண்களையும் தனித்தனியாகப் போடுகிறார்கள். குழந்தைகளுக்கான பைகளுக்கு இந்தத் தரநிலை பொருந்தாது. ஆகவே அவற்றில் போட்டிருக்கும் எண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பனியில் படுக்கவைக்காதீர்கள்.

ஈஎன், ஐஎஸ்ஓ எதுவும் குறிப்பிடாமல் வெறும் −10 மட்டும் அச்சடித்திருந்தால், அது விற்கிறவரின் சொந்தக் கணக்கு. அப்போது எடையைப் பாருங்கள். ஒரு கிலோகூட இல்லாத பாலியஸ்டர் பஞ்சுப் பை மைனஸ் பத்தைத் தாங்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

போகும் ஊரின் பெயரை வைத்துக் குளிரைக் கணக்கிடுவது

போனில் ஊட்டி என்று போட்டு 8 டிகிரி என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அது ஊருக்கான அளவு. தெளிந்த வானமுள்ள இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெளுத்து உறைபனி பிடிப்பது அதனால்தான். ஓடையை ஒட்டிய பள்ளத்தில் கூடாரம் போட்டால், மேலே சரிவில் இருப்பவரைவிட நீங்கள் அதிகமாக நடுங்குவீர்கள்.

இமயமலையில் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவார ஊர் 2,000 மீட்டரில் இருந்து, அங்கே இரவு 2 டிகிரி என்றால், 3,400 மீட்டரில் உள்ள முகாமில் ஏறக்குறைய −7 வரும். காற்றும் அடித்தால் உடம்புக்கு அது இன்னும் மோசம். கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். அங்கே போகிறவர் அடிவாரத்துச் சாங்க்ரியின் வெப்பநிலையைப் பார்த்துப் பை வாங்கினால் போதாது.

மெத்தையை மறப்பது

நான் பார்த்தவரை அதிகம் நடப்பதும் அதிகம் படுத்துவதும் இந்தத் தவறுதான். பைக்கு நாலாயிரம், ஐயாயிரம் செலவழித்தவர், அடியில் விரிக்க வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துப்போவார்.

ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. சூடு உங்கள் உடம்பில் உண்டாகிறது, பை அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். காசிமேட்டில் மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெட்டி ஐஸை உண்டாக்குவதில்லை, வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. பெட்டியின் அடிப்பாகம் உடைந்திருந்தால், மூடியை எவ்வளவு இறுக்கி டேப் ஒட்டினாலும் கொளத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும்.

பையில் தடுப்பு வேலையைச் செய்வது பஞ்சுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு அப்பளமாக நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடும். ஆக, அடிப்பக்கத்தில் பை ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். உறைந்த தரை நேராக உங்கள் முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சும்.

மெத்தையின் தடுக்கும் திறனை ஆர் வேல்யூ என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் கூடினால் காப்பும் கூடும். மடித்து எடுத்துப்போகும் சாதாரண ஃபோம் மேட் சுமார் 2 இருக்கும். பனியில் படுக்க 4, 5 வேண்டும். உள்ளே பஞ்சோ படலமோ இல்லாத வெறும் காற்று மெத்தை பார்க்கக் கனமாக இருந்தாலும் மிகக் குறைவான காப்பே தரும், ஏனென்றால் உள்ளே காற்று சுற்றிச் சுற்றி வந்து சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். நல்ல சேதி என்னவென்றால், இந்த எண்களைக் கூட்டலாம். 2 உள்ள ஃபோம் மேட்டின் மேல் 3 உள்ள மெத்தையைப் போட்டால் 5. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், பையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்து மெத்தையில் போடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். பையின் கம்ஃபர்ட் எண்ணை அளந்தபோதே அடியில் நல்ல மெத்தை இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். மெத்தை இல்லாவிட்டால் லேபிளில் உள்ள எந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது.

இறகா, பஞ்சா?

வாத்து இறகின் அடித்தூவியை நிரப்பிய டவுன் பை எடை குறைவு, கைக்கடக்கமாகச் சுருங்கும், நன்றாகப் பராமரித்தால் பல வருஷம் உழைக்கும். நனைந்தால் மட்டும் உருண்டை கட்டி உபயோகமில்லாமல் போய்விடும். பாலியஸ்டர் பஞ்சு கனம், இடத்தை அடைக்கும், ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூட்டைப் பிடிக்கும், விலையும் குறைவு. மழை, தூறல், மூடுபனி உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பாலியஸ்டர் போதும். வறண்ட பனியுள்ள இமயமலைக்கு அடிக்கடி போகிறவருக்கு டவுன் கொடுக்கும் காசுக்குத் தகும்.

டவுனில் ஃபில் பவர் என்று 600, 800 என்ற எண்கள் வரும். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கும் என்பது அது. 800 என்றதும் 600-ஐவிடக் கதகதப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 800 தூவி 300 கிராம் நிரப்பிய பையைவிட, 600 தூவி 700 கிராம் நிரப்பிய பை ஒன்றரை மடங்குக்கும் மேல் உப்பும். தரத்தோடு எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நிரப்பிய எடை லேபிளில் இல்லை என்றால் கேளுங்கள்.

உள்ளே நுழைந்து பார்க்காமல் வாங்குவது

கடையில் வெட்கப்படாமல் தரையில் விரித்துப் படுத்துப் பாருங்கள். பையோடு சேர்ந்த தொப்பியை இழுத்து முகம் மட்டும் தெரியும்படி கயிற்றைச் சுருக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து ஒரே கையால் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, மறுபடி இறக்குங்கள். துணி பல்லில் சிக்குகிறதா? கூடாரத்தில், இருட்டில், விறைத்த விரலோடு இதைத்தான் செய்யப்போகிறீர்கள். ஜிப்புக்குப் பின்னால் பஞ்சு வைத்த பட்டை நீளமாக ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஜிப்பின் வழியே குளிர் நேராக இறங்கும். கழுத்தைச் சுற்றி ஒரு தனிப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

'பெரிசா வாங்கினா தாராளமா இருக்கும்' என்று நினைக்காதீர்கள். காலி இடம் முழுவதையும் உங்கள் உடம்புதான் சூடாக்கியாக வேண்டும். அதற்காகத் தோளும் பாதமும் அழுந்தும் அளவுக்குச் சின்னதும் கூடாது, அழுந்திய இடத்தில் பஞ்சு நசுங்கும். காலை நீட்டினால் பாதத்துக்கு அப்பால் ஒரு சாண் இருந்தால் சரி.

வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவர் சொந்தமாக வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. மலையேற்றம் நடத்துகிறவர்களே பெரும்பாலும் பை தருகிறார்கள். கம்ஃபர்ட் எண்ணை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அடிவாரத்திலேயே பையை விரித்து ஜிப்பைச் சோதித்துவிடுங்கள். உள்ளே போட்டுக்கொள்ள உங்களுக்கென்று ஒரு லைனர் (மெல்லிய துணி உறை) கொண்டுபோங்கள், அது சுத்தத்துக்கும் ஆகும், கொஞ்சம் கதகதப்பும் கூடும்.

படுக்கும்போது பகலில் நடந்து வியர்த்த உடுப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த தெர்மலும் சாக்ஸும் குல்லாவும் போடுங்கள். காட்டன் பனியன் வேண்டாம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மூடி ஒழுகாத பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸுக்குள் திணித்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள், அந்த ஈரம் பஞ்சில் இறங்கும். எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் கரி அடுப்போ ஸ்டவ்வோ எரிய விடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

திரும்பி வந்த பிறகு

நம் பகுதியில் நிறைய பைகள் கெடுவது மலையில் இல்லை, வீட்டில். ரயிலில் டெல்லிவரை இறுக்கிச் சுருட்டிக்கொண்டு போவதில் தப்பில்லை. அதே உறையில் அடுத்த டிசம்பர்வரை அடைத்துவைத்தால் பஞ்சு உப்பும் சக்தியை இழந்துவிடும். எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை உப்புக்காற்று வேறு. ஜிப்பின் இழுப்பான் துருப்பிடிக்கும், லேசான ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்து நாறும்.

வந்த அன்றே பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மாடியில் நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உச்சி வெயில் நைலானுக்கு ஆகாது. பிறகு பெரிய காட்டன் தலையணை உறையிலோ பழைய வேட்டியில் தைத்த பையிலோ தளர்வாகப் போட்டு லாஃப்ட்டில் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்று நமக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு தடவை எடுத்து உதறிக் காற்றாடப் போடுங்கள். டவுன் பையை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தால் தூவியின் இயல்பான எண்ணெய்ப் பசை போய்விடும். அதற்கென்று விற்கும் சோப்பில் அலசி, டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிட்டால் கட்டிகள் உடைந்து பழையபடி உப்பும். டிரையர் இல்லாத வீட்டில் துவைப்பதைப் பங்குனி, சித்திரை வெக்கைக்குத் தள்ளிவையுங்கள். நிழலில் விரித்து, மணிக்கொரு தடவை கையால் கட்டிகளைப் பிரித்துவிட்டுக் காயவைத்தால் இரண்டு மூன்று நாளில் உள்வரை காய்ந்துவிடும்.