பாய் விரிக்கவே தெம்பில்லாத நாளில் யோகா

மனச்சோர்வோடு வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது மாத்திரையைப் பற்றித்தான். அந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் “யோகா செய்றேனே, மாத்திரை எதுக்கு?” என்று தாங்களே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் என்று உடம்பு படுத்தி எடுக்கும். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பாடு. யோகா அதற்குத் துணை, அவ்வளவுதான்.

பலருக்கும் காலைப் பொழுதுதான் பெரும்பாடு. அதனால் படுக்கையிலேயே தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும். மூச்சை உள்ளே அடக்க வேண்டாம். பத்துச் சுற்று போதும். அன்றைக்கு அதற்கு மேல் முடியவில்லையா? பயிற்சி முடிந்தது என்றே என் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

எழுந்திருக்கத் தோன்றினால் ஒரு பக்கமாகத் திரும்பி, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். சில மாத்திரைகள் சட்டென எழும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி மார்ஜாரி ஆசனம்: மூச்சை இழுக்கையில் நெஞ்சு விரியட்டும், விடுகையில் முதுகு மேலே வளையட்டும். முடிந்தால் சேதுபந்தாசனம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்குவது. கடினமான ஆசனம் எதுவும் தேவையில்லை.

கடைசியில் உடம்பைத் தளர்த்தி அசையாமல் படுத்திருக்கும் சவாசனத்தில்தான் கவனம் வேண்டும். “கண்ணை மூடினா தலைக்குள்ள கோர்ட்டு கூடுது மேடம்” என்றாள் ஒரு மாணவி. சும்மா படுத்திருந்தால் பழைய குற்றச்சாட்டெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வரும். கண்ணைத் திறந்தே படுங்கள், கூரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். அதுவும் ஒத்துவராதவர்களை உட்காரவைத்து, வண்டுபோல ரீங்காரமிடும் பிராமரி செய்யச் சொல்வேன். ஒலி மனதுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளை, இருமுனைக் கோளாறு (சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது) உள்ளவர்கள் தாமாகச் செய்யக் கூடாது. மனம் எதிர்த்திசையில் கட்டுமீறிப் பாய்ந்துவிடக்கூடும். படபடப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் நான் அவற்றைச் சொல்லித் தருவதில்லை.

பலன் தெரிகிறதா என்று தினமும் மனதைத் தோண்டிப் பார்க்காதீர்கள். ஆய்வுகளே பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் வரை நடத்தித்தான் கணக்குப் பார்க்கின்றன. டாக்டரிடம் மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் இருக்கும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27 வரை. அவ்வப்போது நிரப்பினால் ஏற்ற இறக்கம் தெரியும். அதில் கடைசிக் கேள்வி, சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. வந்தால் ஆசனத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.