திரையில்லாத ராஸ்பெர்ரி பையின் நிலையைப் பச்சை விளக்கில் காண்பது எப்படி?

திரையும் விசைப்பலகையும் இல்லாமல் அலமாரி மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி இயங்குகிறதா, உறைந்துவிட்டதா என்பதை அதன் பச்சை விளக்கு வழக்கமாகச் சொல்வதில்லை. எஸ்டி கார்டில் படிக்கும்போதும் எழுதும்போதும் மட்டுமே அது மினுங்கும். இதைக் கூடுதல் கம்பியோ சாலிடரிங்கோ இல்லாமல் மாற்றிவிடலாம்.

முதலில், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளைகளால் கணினியை இயக்கும் முறை) வழியாக உள்ளே நுழையுங்கள். சிஸ், அதனுள் கிளாஸ், அதனுள் லெட்ஸ் என்ற அடைவுக்குச் சென்றால், லினக்ஸ் ஒவ்வொரு விளக்கையும் ஓர் அடைவாக வைத்திருப்பதைக் காணலாம். பச்சை விளக்கின் பெயர் ஏசிடி. பழைய கெர்னல்களில் (லினக்ஸின் மையப்பகுதி) லெட்0. அதனுள் இருக்கும், விளக்கை எது இயக்க வேண்டும் என்று குறிக்கும் டிரிகர் கோப்பை கேட் கட்டளையால் படித்தால் நீண்ட பட்டியல் வரும். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது விளக்கை இயக்குவது. பெரும்பாலும் அது எம்எம்சி0, அதாவது எஸ்டி கார்டு, ஆக இருக்கும்.

அடுத்து, ஹார்ட்பீட் என்ற சொல்லை அதே கோப்பில் எழுத வேண்டும். புதியவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. சொல்லை வெளியிடும் எக்கோ கட்டளைக்கு முன்னால், நிர்வாகி அனுமதி தரும் சூடோவைப் போட்டுவிட்டு, அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் 'அனுமதி இல்லை' என்றே பதில் வரும். ஏனெனில் கோப்பைத் திறப்பது எக்கோ அல்ல, சாதாரணப் பயனராக இயங்கும், கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் உங்கள் ஷெல். ஆகவே எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக, வருவதைக் கோப்பில் எழுதும், சூடோவுடன் கூடிய டீ கட்டளைக்கு அனுப்புங்கள்.

உடனே விளக்கு இதயம்போல இரட்டைத் துடிப்பாக அடிக்கத் தொடங்கும். சும்மா இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 1260 மில்லிவினாடி ஆகும். சராசரிச் சுமை (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 1 ஆனால் 860, 5 ஆனால் 510 எனச் சுருங்கும். துடிப்பு வேகமெடுத்தால் வேலை குவிகிறது என்று பொருள்.

இந்த மாற்றம் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். நிலைக்க வேண்டுமானால், பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் டிடிபாரம் (வன்பொருள் அமைப்பைக் குறிக்கும்) வரி ஒன்றைச் சேர்த்து, பச்சை விளக்கின் டிரிகராக ஹார்ட்பீட்டைக் குறிப்பிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: துடிப்பு கெர்னலுக்குச் சொந்தமானது. உங்கள் இணையச் சேவையகம் செத்துக் கிடந்தாலும் விளக்கு உற்சாகமாகத் துடித்துக்கொண்டிருக்கும். எனவே, 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரங்களில் கட்டளைகளை இயக்கும் சேவை) வழியாகச் சேவையகத்தைச் சோதித்து, பதில் வராவிட்டால் டிரிகரை டைமர் என்று மாற்றும் சிறு ஷெல் நிரலையும் எழுதி வையுங்கள். டைமரின் இயல்பான அளவு அரை வினாடி எரிந்து அரை வினாடி அணைவது. இரண்டையும் 100 மில்லிவினாடியாகக் குறைத்தால், அந்தப் படபடப்பு அறையின் மறுமுனையிலிருந்தே தெரியும்.