பல்லுக்குத்து: குளிர் பட்டபின் எத்தனை விநாடி வலிக்கிறது?

"காலபோக வெட்டு முடியட்டும்" என்று பல்லுக்குத்தைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பங்குனியில் எங்கள் சிகிச்சை அறை வாங்கில் நிறைய இருப்பார்கள். அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கும்போது எனக்கும் மனம் நோகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் ஓடும் மெல்லிய சதை இருக்கிறது, பற்கூழ் என்பார்கள். சூத்தை அதை நெருங்கினால் அழற்சி வரும். சுற்றிவரக் கடினமான சுவர், வீங்க இடமில்லை. அந்த அமுக்கம்தான் குத்து.

முதலில் வீட்டுச் சோதனை. ஐஸ்துண்டை மெல்லிய துணியில் சுற்றி, நல்ல பல்லொன்றில் வைத்து வழமையான கூச்சத்தை அறிந்துகொள்ளுங்கள். பிறகு சந்தேகப் பல்லில் வையுங்கள். கூசியதும் எடுத்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். சில விநாடியில் அடங்கினால் பற்கூழ் பெரும்பாலும் மீளும்; சூத்தையை அகற்றி அடைத்தால் போதும். 30 விநாடிக்கு மேல் இழுத்தால், சும்மா இருக்கும்போதே வலித்தால், படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தால், சுடு தேத்தண்ணிக்குத் துடித்தால், மீளாத கட்டம் என்று சந்தேகியுங்கள். குத்து திடீரென்று நின்றாலும் நிம்மதி அடையாதீர்கள். பற்கூழ் செத்திருக்கலாம், அடுத்து சீழ் வைக்கும்.

அடுத்து பல் வைத்தியர். கீழ்ப்பல் நோவு மேற்பல்லில் தெரிவதுண்டு. அதனால் தட்டியும், குளிர் வைத்தும், எக்ஸ்ரே எடுத்தும்தான் பல்லை உறுதிசெய்வோம்.

மீளாத கட்டத்தில் வேர்ச் சிகிச்சை, இல்லையேல் பிடுங்கல். வேர்ச் சிகிச்சையில் விறைப்பூசி போட்டு, பற்கூழை எடுத்து, வேர்க்கால்வாயைக் கழுவி நிரப்பி மூடுவோம். இரண்டு மூன்று தரம் வரவேண்டியிருக்கலாம். இடையில் வலி போய்விட்டதென்று நின்றுவிடாதீர்கள்.

பாமசியில் அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள். அது பற்கூழ் வலியைக் குறைக்காது. வைத்தியரிடம் போகும்வரை பரசிற்றமோல் போதும்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு 8க்கு மேல் வேண்டாம். ஈரல் நோயாளர் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர். அவர்கள் இபுபுரூபன் என்ற வலிக்குளிசையைத் தொடவே கூடாது. அஸ்பிரினை முரசில் வைத்து அழுத்துவதும் வேண்டாம், முரசு வெந்துபோகும்.

தாடைக்குக் கீழ் வீங்கி, காய்ச்சலடித்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமென்றால் விடியும்வரை காத்திராதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.