இறந்தவருக்காக நீதி கேட்போர் செய்யும் பிழைகள்

தவறாகத் தண்டிக்கப்பட்டு இறந்தவருக்காக மனு எழுதுவோர் செய்யும் பெரும்பிழை, மன்னிப்பும் தீர்ப்பு ரத்தும் ஒன்றே என்று எண்ணிவிடுவதாகும். (தனியொருவருக்கு வழங்கப்படுவதையும் ‘பொது மன்னிப்பு’ என்றெழுதும் நம் நாளேடுகள் இக்குழப்பத்தை வளர்க்கின்றன.) இங்கிலாந்துச் சட்டப்படி அரச மன்னிப்பு தண்டனையின் விளைவுகளை நீக்குமேயன்றிக் குற்றத்தீர்ப்பை அழிக்காது, அதைச் செய்வது பொதுவாக நீதிமன்றமே.

மகளைக் கொன்றதாகத் திமத்தி எவன்ஸ் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953இல்தான் தெரியவந்தது. 1966இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு கிடைத்தது. தீர்ப்பையே நீக்கவேண்டுமென்று உறவினர்கள் 2004இல் நீதிமன்றம் சென்றபோது, அவர் கொலை செய்யவில்லை என்பதை ஏற்றுக்கொண்ட நீதிபதிகள்கூட, மேல்முறையீட்டுக்கு ஆகும் செலவுக்கு நியாயமில்லை என்று மறுத்துவிட்டனர். முதலில் கிடைத்த மன்னிப்பே பிறகு தடையாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1953இல் தூக்கிலிடப்பட்ட டெரெக் பென்ட்லிக்கு 1993இல் கிடைத்ததோ தண்டனையை மட்டும் தொட்ட மன்னிப்பு. அவருடைய குடும்பம் அதோடு நிறைவடையாமல் தொடர்ந்து போராடியதால் 1998இல் தீர்ப்பே ரத்தானது.

அடுத்த பிழை, இன்றைய சட்டத்தைக் கொண்டு அன்றைய வழக்கை அளப்பது. ரூத் எல்லிஸ் 1955இல் தூக்கிலிடப்பட்டபோது, மனநிலைக் குறைபாட்டால் கொலைக்குற்றத்தின் கடுமை குறையும் என்ற விதி இங்கிலாந்தில் இல்லை. அது 1957இல்தான் வந்தது. எனவே 2003இல் அவருக்கான மேல்முறையீடு தோற்றது. ஆனால் விசாரணை நேர்மையாக நடந்ததா என்பதை இன்றைய அளவுகோலால் பார்க்கலாம். பென்ட்லி வழக்கில் நீதிபதி நடுவர்குழுவுக்குச் சொன்ன அறிவுரையே ஒருதலைப்பட்சமானது என்பது இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

‘அவர் நல்லவர்’ என்ற சான்றுரைகளைக் குவிப்பதாலும் பயனில்லை. 1952இல் கார்டிஃபில் தூக்கிலிடப்பட்ட சோமாலியக் கடலோடி மஹ்மூத் மத்தானின் தீர்ப்பு 1998இல் ரத்தானதற்குக் காரணம், முக்கியச் சாட்சி முன்பு வேறொருவரை அடையாளம் காட்டியிருந்ததைக் கூறும், எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் மறைக்கப்பட்ட காவல்துறை ஆவணங்களே. தேடவேண்டியவை அத்தகைய தாள்கள்தாம்.

மனுதாரர் யார் என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் இறந்தவரின் வாழ்க்கைத்துணை, சொத்து நிர்வாகி, நெருங்கிய உறவால் அக்கறையுள்ளவர் ஆகியோரே நேரடியாக மேல்முறையிட முடியும். அதற்கும் இறந்த ஓராண்டுக்குள் அனுமதி கோரவேண்டும். பழைய வழக்குகளில் அக்கெடு கடந்திருக்குமாதலால், தவறான தீர்ப்புகளை ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பும், அக்கெடுவுக்கு உட்படாத குற்றவழக்கு மறுஆய்வு ஆணையத்தையே முதலில் அணுகவேண்டும்.