ஜன்னல் கைப்பிடி கையோட வந்துடுச்சா? முதல்ல எந்த ஆளையும் கூப்பிடாதீங்க (ஜெர்மனிக்குப் புதுசா வர்றவங்களுக்கு)

ஜெர்மனிக்கு வந்த புதுசுல ஆன்மெல்டுங் (வீட்டு முகவரியைப் பதிவு பண்றது), பேங்க் அக்கவுண்ட், ஹெல்த் இன்சூரன்ஸ்னு ஓடிட்டே இருப்பீங்க. வீடு மாறி ரெண்டு வாரத்துக்குள்ள ஆன்மெல்டுங் பண்ணிடுங்க, ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் இன்சூரன்ஸ் (நம்மால அடுத்தவங்களுக்கு நஷ்டம் வந்தா குடுக்கறது) ஒண்ணு எடுத்துடுங்க, மத்ததெல்லாம் உங்க ஆபீஸ்லயே சொல்லிடுவாங்க. நான் சொல்ல வந்தது ஜன்னல் கைப்பிடி பத்தி. சிரிக்காதீங்க, எனக்கு அது 338 யூரோ.

நம்ம ஊர் ஜன்னல் எப்படின்னு தெரியும்ல, வெளிப்பக்கம் திறக்கும், உள்ள கம்பி இருக்கும், ஒரு கொக்கி, ஒரு தாழ்ப்பாள், அது துருப்பிடிச்சா அம்மா ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விடுவாங்க, அப்பவும் சரியாகலன்னா தெருமுனை ஆசாரி வந்து அஞ்சு நிமிஷத்துல தட்டிட்டுப் போவாரு, டீ குடிச்சிட்டு காசு வேணாம்னுகூட சொல்லுவாரு. அந்த நெனப்புலயே இங்க வந்து இறங்கினோம்ல, அங்கதான் தப்பே.

இங்க ஜன்னல் உள்பக்கம் திறக்கும். கம்பி கிடையாது. ஒரே கைப்பிடி, மூணு நிலை. கீழ பாத்து இருந்தா மூடியிருக்கு, படுக்கையா இருந்தா கதவு மாதிரி முழுசா திறக்கும், மேல பாத்து இருந்தா மேல்பக்கம் மட்டும் உள்ள சாஞ்சு நிக்கும், அதைத்தான் கிப்-ங்கறாங்க. ஜன்னல் திறந்து இருக்கும்போது கைப்பிடியை மேல திருப்பிட்டீங்கன்னா ஜன்னல் மேல் கீல்ல இருந்து விட்டு கீழ் மூலைல மட்டும் தொங்கும். நாங்க வந்த ரெண்டாவது நாளே இது நடந்துச்சு, என் மனைவி ஜன்னல் கழண்டு விழுதுன்னு கத்துன கத்துல மேல் வீட்டு அம்மா இறங்கி வந்துட்டாங்க. விழாது. கண்ணாடி இருக்குற சட்டத்தை, கீல் பக்க மேல் மூலைல ஃப்ரேமோட சேர்த்து அழுத்திப் பிடிச்சுட்டு கைப்பிடியை மறுபடி படுக்கைக்குத் திருப்பணும். நகரலன்னா கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோ, சட்டத்தோட ஓரத்துல ஒரு குட்டி லீவர் இருக்கும், அதை அழுத்திட்டு திருப்புங்க. பலம் காட்டாதீங்க.

பலம் காட்டினவன் நான். படுக்கை ரூம் ஜன்னல் கைப்பிடி நவம்பர்ல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா இறுக ஆரம்பிச்சுது. நானும் அம்மா வழியில ஜன்னல் ஓரத்துல இருக்குற இரும்பு நாக்குக்கெல்லாம் தேங்கா எண்ணெய் தடவினேன். தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும்னு பாட்டில்ல பாத்துப் பாத்து வளர்ந்தவன்தான், ஆனா ஜெர்மனி ஜனவரில ஜன்னல் ஓரம் என்ன சூடு இருக்கும்னு யோசிக்கல. உள்ள மெழுகு மாதிரி உறைஞ்சு முன்னைவிட இறுகிடுச்சு. (இதை ஹவுஸ் ஓனர்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல.) ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஏழு மணி, ஜன்னல் கிப்-ல இருக்கு, வெளிய மைனஸ் ஆறு, மூடலாம்னு ரெண்டு கையாலயும் புடிச்சு ஒரு திருப்பு, டொக்-னு கழுத்தோட ஒடிஞ்சு கைப்பிடி கையில. ஜன்னல் அப்படியே சாஞ்சு நிக்குது, பனிக்காத்து உள்ள வருது, ரெண்டு வயசுக் குழந்தை அந்த ரூம்லதான் தூங்கும். எட்டு மணிக்கு கடை எல்லாம் மூடிடும், மறுநாள் ஞாயிறு, இங்க ஞாயித்துக்கிழமைன்னா ஸ்க்ரூ ஒண்ணு வாங்கக்கூட வழி கிடையாது.

அப்ப என்ன பண்ணேன்? போனை எடுத்து ஜன்னல் ரிப்பேர், நோட்டீன்ஸ்ட் (அவசர சர்வீஸ்), 24 மணி நேரம்னு தேடினேன். முதல்ல வந்த விளம்பரத்துக்கு போன் போட்டேன். எவ்வளவு ஆகும்னு கேட்டேன், வந்து பாத்தாதான் சொல்ல முடியும்னாங்க. ஒரு மணி நேரத்துல ஆள் வந்தாரு. சும்மா சொல்லக்கூடாது, மரியாதையான ஆளு, ஷூவைக்கூட கழட்டினாரு. ஒடிஞ்ச கட்டையைப் பாத்தாரு, நேரா சமையலறைக்குப் போனாரு, அங்க இருந்த ஜன்னல் கைப்பிடியைக் கழட்டினாரு, படுக்கை ரூம்ல மாட்டினாரு, திருப்பினாரு, மூடிடுச்சு. மொத்தம் பத்து நிமிஷம். எனக்கு அவ்வளவு சந்தோஷம், காபி வேணுமான்னெல்லாம் கேட்டேன். மெஷினை நீட்டினாரு, கார்டைத் தேச்சேன். மறுநாள்தான் பில்லை வரி வரியா மொழிபெயர்த்துப் பாத்தேன். வண்டி வந்து போன கூலி, வார இறுதிக்கு கூடுதல், ஒரு மணி நேர வேலை, அப்புறம் மெட்டீரியல்னு 45 யூரோ. எந்த மெட்டீரியல்? என் வீட்டு சமையலறைக் கைப்பிடி!

கேட்டா சிரிப்பா இருக்கும், எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரல.

திங்கக்கிழமை பில்லை ஓனருக்கு மெயில்ல அனுப்பினேன், வீடு அவரோடது, ரிப்பேர் அவர் செலவுன்னு நினைச்சு. ரெண்டே வரில பதில். எனக்குச் சொல்லாம நீங்களா ஆள் கூப்பிட்டதுக்கு நான் பொறுப்பில்ல, ஹவுஸ்மைஸ்டர் (கட்டடத்தைப் பாத்துக்கறவர்) நம்பர் கீழ படிக்கட்டுப் பக்கம் போர்டுல இருக்கு. போய்ப் பாத்தா இருக்கு. வார இறுதி அவசரத்துக்குன்னு தனி நம்பரே போட்டிருக்கு. தினமும் அதுக்குப் பக்கத்துல நின்னுதான் லெட்டர் பாக்ஸைத் திறக்கிறேன், எல்லாம் ஜெர்மன்ல இருந்ததால குப்பை போடற தேதி ஏதோன்னு விட்டுட்டேன்.

மீட்டர்ஃபெராய்ன்னு வாடகைக்காரங்க சங்கம் ஊருக்கு ஊர் இருக்கும், வருஷ சந்தா கட்டி மெம்பர் ஆனா வக்கீலே உக்காந்து பேசுவாரு. அங்க போய்க் கேட்டேன். அவரு சொன்னதுதான் இந்தக் கதைல முக்கியமான இடம், மெதுவாப் படிங்க.

இங்க வாடகை வீட்டை நல்ல நிலைல வச்சிருக்க வேண்டியது ஓனர் பொறுப்பு. சிவில் சட்டம் 535. ஆனா ஏதாவது கெட்டுப்போனா உடனே ஓனருக்குச் சொல்ல வேண்டியது நம்ம கடமை, அது 536சி. சொல்லி, அவருக்கு டைம் குடுத்து, அவர் செய்யலன்னா மட்டும்தான் நாம ஆள் வச்சு செஞ்சுட்டு காசு கேக்கலாம். ரொம்ப அவசரம்னா விதிவிலக்கு உண்டு, ஆனா அவசரத்துக்கு ஒரு நம்பர் போர்டுல இருந்து, நீங்க அதுக்கு போனே பண்ணலன்னா அந்த வாதம் நிக்குறது கஷ்டம்.

அடுத்தது க்ளைன்ரெப்பராட்டூர். உங்க வாடகை அக்ரிமெண்ட்ல இந்த வார்த்தை இருக்கான்னு இப்பவே தேடிப் பாருங்க. சின்னச் சின்ன ரிப்பேர் செலவு வாடகைக்காரர் தலையில, அதாவது நாம அடிக்கடி தொட்டுப் பயன்படுத்துற பொருள், குழாய், ஸ்விட்ச், ஜன்னல் கைப்பிடி மாதிரி. ஆனா அதுக்கு ஒரு ரிப்பேருக்கு இவ்வளவுதான், வருஷத்துக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு எழுதியிருக்கணும், இல்லன்னா அந்த ஷரத்தே செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 1989லயே சொல்லிடுச்சு. ரிப்பேரை நீங்களே ஆள் வச்சு செய்யணும்னு எழுதியிருந்தாலும் செல்லாது, அது 1992 தீர்ப்பு. ஆள் கூப்பிடுறது ஓனர் வேலை, காசு மட்டும்தான் நம்மது. என் அக்ரிமெண்ட்ல ஒரு ரிப்பேருக்கு 100 யூரோ வரம்பு. பில் வரம்பைத் தாண்டினா முதல் 100 நம்மது மீதி அவரதுன்னு கிடையாது, மொத்தமும் ஓனரோடது. அப்படின்னா பாருங்க, அதே 338 யூரோ பில்லை ஓனர் கூப்பிட்ட ஆள் போட்டிருந்தா நான் ஒரு சென்ட் தர வேண்டியதில்ல! நான் போன் பண்ணதால முழுசா என் தலையில.

இதைக் கேட்டுட்டு வெளிய வந்து ட்ராம்ல உக்காந்தப்ப ஊர்ல ஆசாரி காசு வேணாம்னு சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு.

இதுக்கு மேல ஒரு கூத்து. பக்கத்துத் தெருவுல யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் இருக்காரு, 80கள்ல வந்தவரு, வீட்ல ஒரு ரூம் முழுக்க டூல்ஸ். விஷயம் தெரிஞ்சதும் தலையில கை வச்சுட்டாரு. "தம்பி, உதுக்குப் போய் ஏன் ஆளைக் கூப்பிட்டனீர்? மற்ற யன்னல்ல இருந்து கழட்டிப் பூட்டியிருக்கலாமே. எனக்கு ஒரு கோல் எடுத்திருந்தா வந்திருப்பன்." அதுக்கப்புறம் அவரே கூட்டிட்டுப் போய் பவ்மார்க்ட்ல (வீட்டு ரிப்பேர் சாமான் விக்கிற பெரிய கடை) வாங்க வச்சு எப்படி மாட்டறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. அதை அப்படியே எழுதறேன்.

உங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். கைப்பிடியைப் படுக்கையாத் திருப்பிக்கோங்க, அப்பதான் கீழ் ஸ்க்ரூவை மறைக்காது. கைப்பிடி அடியில நீளமா ஒரு மூடி இருக்கும், அதை நகத்தால லேசா உங்க பக்கம் இழுத்து 90 டிகிரி சுத்துனா மேலயும் கீழயும் ரெண்டு ஸ்க்ரூ தெரியும். பிடுங்கி எடுக்காதீங்க, அது கழட்டுறதுக்கு இல்ல, சுத்துறதுக்கு. ஸ்க்ரூவைக் கழட்டி நேரா இழுத்தா கைப்பிடி சதுரக் கம்பியோட வெளிய வரும். புதுசும் அதே நிலையில, அதாவது படுக்கையா வச்சே உள்ள போகணும். கைப்பிடி வெளிய இருக்கும்போது ஓட்டைக்குள்ள எதையும் விட்டுத் திருப்பாதீங்க, அப்புறம் கைப்பிடி ஒரு நிலை காட்டும், ஜன்னல் வேற நிலையில இருக்கும். என்னை மாதிரி கிப்-ல இருக்கும்போது ஒடிஞ்சா, இன்னொரு ஜன்னல் கைப்பிடியைக் கழட்டி, மேல பாத்த மாதிரி திருப்பி வச்சுட்டு இதுல சொருகுங்க, சட்டத்தை ஃப்ரேமோட அழுத்திப் பிடிச்சுட்டு கீழ வரைக்கும் திருப்புங்க, மூடிடும். ஒரே வீட்டுல பெரும்பாலும் எல்லா ஜன்னலுக்கும் ஒரே கைப்பிடிதான்.

கடைக்குப் போகும்போது பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல 43 மில்லிமீட்டர், சதுரக் கம்பி 7 மில்லிமீட்டர், இது இங்க கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் பொது. ரூம் கதவுக் கைப்பிடிக்கு 8, அதைத் தெரியாம வாங்கிடாதீங்க. வித்தியாசம் வர்றது கம்பி எவ்வளவு வெளிய நீட்டிட்டு இருக்குங்கறதுல, 32, 37, 40னு பல அளவு இருக்கும். குட்டையா இருந்தா நுனில மட்டும் பிடிச்சு நாளடைவுல வழுக்கும், நீளமா இருந்தா அடித்தகடு ஜன்னலோட ஒட்டாது, அப்ப ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கி உக்கார வைக்கப் பாக்காதீங்க. சாதா கைப்பிடி 10 யூரோ சுத்தி வரும், சாவி வச்சதுன்னா விலை கூட. குழந்தை இருக்குற வீடு, கம்பி இல்லாத ஜன்னல், மேல் மாடின்னா சாவி வச்சதே வாங்குங்க, எங்க அம்மா வீடியோ கால்ல அந்த ஜன்னலைப் பாத்ததுல இருந்து தினமும் பூட்டியிருக்கான்னு கேக்குறாங்க.

எண்ணெய்க்கு தையல் மெஷின் எண்ணெய். வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் வர்றதுக்கு முன்னாடி, நகர்ற இரும்பு எல்லாத்துலயும் ஒரு சொட்டு. அப்படியும் இறுக்கமாவே இருந்தா கோளாறு கைப்பிடில இல்ல, ஜன்னல் தொங்கிடுச்சு, இல்ல உள்ள இருக்குற கியர் போயிடுச்சு, நீங்க கை வைக்காம ஓனருக்கு எழுதுங்க. எழுதறதுன்னா போன்ல சொல்றது இல்ல, மெயில், போட்டோவோட, தேதியோட. எந்த ரூம், என்ன ஆச்சு, எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணித் தரணும்னு நாலு வரி. ஜெர்மன் வராதுன்னு பயப்படாதீங்க, "ஃபென்ஸ்டர்க்ரிஃப் கபுட்" (ஜன்னல் கைப்பிடி உடைஞ்சிடுச்சு)னா அவங்களுக்குப் புரியும். அதுக்கப்புறம் வேற ஜன்னல் கைப்பிடியை மாத்தி மூடிட்டு நிம்மதியாத் தூங்குங்க, திங்கக்கிழமை அவங்க வருவாங்க.

வீட்டுக்குள்ள போகும்போது சாவி குடுக்கற அன்னிக்கே எல்லா ஜன்னலையும் மூணு நிலைக்கும் திருப்பிப் பாருங்க, இறுக்கமா இருந்தா யூபர்காபே புரோட்டோகோல்ல (வீட்டை ஒப்படைக்கும்போது நிலைமையை எழுதிக் கையெழுத்துப் போடற தாள்) எழுத வைங்க. ஓனர் வாட்ச்சைப் பாத்துட்டு நிப்பாரு, நிக்கட்டும். மூணு மாச வாடகை வரைக்கும் கௌட்ஸியோன் (வாடகை அட்வான்ஸ்) அவர்கிட்ட மாட்டிட்டு இருக்கப் போகுது, போகும்போது எதுக்கெல்லாம் பிடிப்பாருன்னு தெரியாது.

அப்படியும் யாரையாவது கூப்பிட்டே ஆகணும்னு வந்தா, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு போன்லயே கேளுங்க, சொல்லலன்னா வைங்க. அங்கயே கார்டு தேய்க்காதீங்க, பில் அனுப்புங்கன்னு சொல்லுங்க.

எங்க சமையலறை ஜன்னல் ரெண்டு வாரம் கைப்பிடி இல்லாமலே கிடந்துச்சு, தாளிச்ச வாசனை வீடு பூரா. இப்ப இருக்குறது வெள்ளி கலர், மத்ததெல்லாம் வெள்ளை, அண்ணாவோட போன அன்னிக்கு அதுதான் ஆஃபர்ல இருந்துச்சு. காலி பண்றதுக்குள்ள வெள்ளைல ஒண்ணு வாங்கி மாட்டணும்.